கிரனாடாவில் ஓர் அரண்மனையும் ஒரு சத்திரமும்



பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர், ஐரோப்பாவில் மேற்படிப்புப் பயின்றுகொண்டிருந்த காலத்தில், ஸ்பெயின் நாட்டின் தென்பகுதியிலுள்ள கிரனாடா நகருக்கு முதன்முறையாகச் சென்றேன். கையில் இருந்த பணம் மிகக் குறைவு. அல்பைசின் என்னும் பழைய முஸ்லிம் குடியிருப்பில், ஓர் அறைக்குள் எட்டுக் கட்டில்கள் இடப்பட்ட மலிவான விடுதியில் ஆறு இரவுகள் தங்கினேன். மெத்தை மெலிந்தது, போர்வை குளிருக்குப் போதாது. ஆயினும் அந்த ஆறு நாட்களில் ஒரு பஜ்ருத் தொழுகைகூட எனக்குத் தவறவில்லை. குளிரே எழுப்பிவிடும். உளூச் செய்துவிட்டு, கல் பாவிய ஒடுங்கிய சந்துகளில் ஏறி, 2003 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கிரனாடாப் பெரிய பள்ளிவாசலில் ஜமாஅத்துடன் தொழுவேன். அதன் முற்றத்தில் நின்றால் எதிர்க் குன்றின் மீது அல்ஹம்ரா அரண்மனை தெரியும். அதற்குப் பின்னால் சியர்ரா நெவாடா மலையின் பனிமுடி தெரியும்.

கடந்த டிசம்பர் மாத இறுதியில், எங்கள் திருமணத்தின் பத்தாம் ஆண்டினையொட்டி, மனைவியுடன் மீண்டும் அந்நகருக்குச் சென்றேன். இம்முறை அல்ஹம்ராக் குன்றின் சரிவில் அமைந்த உயர்தர விடுதி ஒன்றில் இரண்டு இரவுகளுக்கு அறை எடுத்திருந்தோம். வளைவு வாயில்கள், வண்ண ஓடுகள், சுதை வேலைப்பாடு என எங்கு நோக்கினும் அந்தலுஸ் பாணியைப் போன்ற அலங்காரம். ஓர் இரவுக்கு நான் செலுத்திய தொகை, முன்பு ஆறு இரவுகளுக்கும் உணவுக்கும் சேர்த்துச் செலவிட்டதைவிட அதிகம். பணியாளர்கள் அன்பாக நடந்துகொண்டனர். அறையில் ஒரு குறையும் இல்லை.

குறை என்னிடம் இருந்தது. குளிர்காலத்தில் கிரனாடாவில் சூரியன் காலை எட்டு மணிக்குப் பின்னரே உதிக்கிறது. பஜ்ருக்கு எழுவதற்கு அதைவிட இலகுவான காலம் வேறு இல்லை. அப்படியிருந்தும் முதல் நாள் காலையில் நான் கண் விழித்தபோது தடித்த திரைச்சீலையின் ஓரத்தில் வெயில் விழுந்திருந்தது. வெதுவெதுப்பான அறையும், மென்மையான படுக்கையும், முந்திய இரவில் நெடுநேரம் விழித்திருந்ததும் சேர்ந்து என்னை வீழ்த்திவிட்டன. கழாவாகத் தொழுதுவிட்டு உட்கார்ந்திருந்தேன். மனைவி கடிந்துகொள்ளவில்லை. "எட்டுக் கட்டில் அறையில் தவறாத தொழுகை இங்கே தவறிவிட்டது. இந்த அறையின் வாடகை நாம் கணக்கிட்டதைவிட அதிகம் போலும்" என்று மட்டும் சொன்னாள்.

இக்கட்டுரை அந்த ஒரு வாக்கியத்திலிருந்து பிறந்தது.

நாம் எதைப் பார்க்கச் செல்கிறோம்?

அண்மைக் காலமாக நம் சமுதாயத்தில் வசதி படைத்த குடும்பங்கள் ஸ்பெயினுக்குச் செல்வது வழக்கமாகி வருகிறது. "இழந்த அந்தலுஸைக் காண வாருங்கள்" என்று பயண நிறுவனங்கள் அழைக்கின்றன. கொர்தோபாப் பள்ளிவாசல், செவில்லேக் கோட்டை, கிரனாடா அரண்மனை, ஹலால் உணவு, நட்சத்திர விடுதி ஆகிய அனைத்தும் ஒரே தொகுப்பில் கிடைக்கின்றன. சென்று வந்தவர்கள் பெரும்பாலும் இரண்டு உணர்வுகளோடு திரும்புகிறார்கள். ஒன்று, "எப்படி வாழ்ந்தோம்!" என்னும் பெருமிதம், மற்றொன்று, "இப்படி இழந்துவிட்டோமே!" என்னும் ஏக்கம். முதல் பயணத்தில் நானும் அவ்விரண்டையும் சுமந்துதான் திரும்பினேன். இரண்டாம் பயணத்தில், தொழுகையைத் தவறவிட்ட காலையில் அதே அரண்மனைக்குள் நடந்தபோது, அவ்விரு உணர்வுகளும் போதாதவையாகத் தோன்றின.

அல்ஹம்ராவின் சுவர்களில் எங்கு நோக்கினும் ஒரு வாசகம் திரும்பத் திரும்ப வரும்: "வலா காலிப இல்லல்லாஹ்". அல்லாஹ்வையன்றி வெற்றியாளன் எவருமில்லை என்பது பொருள். கிரனாடாவை ஆண்ட பனூ நஸ்ர் வம்சத்தின் முத்திரை வாசகம் இது. இவ்வம்சத்தை நிறுவிய முஹம்மது இப்னு அல்அஹ்மர் 1238 ஆம் ஆண்டில் இந்நகருக்குள் நுழைந்தார். நாம் சுவரைப் பார்த்து மெய்சிலிர்க்கிறோம். வரலாற்றின் அடுத்த பக்கத்தைப் புரட்டுவதில்லை. 1246 ஆம் ஆண்டில் அவர் காஸ்டில் மன்னன் மூன்றாம் ஃபெர்டினாண்டுடன் உடன்படிக்கை செய்து, கப்பம் செலுத்தும் சிற்றரசரானார். 1248 ஆம் ஆண்டில் செவில்லே நகர முஸ்லிம்களை அம்மன்னன் முற்றுகையிட்டு வென்றபோது, உடன்படிக்கையின்படி கிரனாடாவின் குதிரைப்படை முற்றுகையிட்டவன் பக்கம் நின்றது. அல்லாஹ்வையன்றி வெற்றியாளன் இல்லை என்னும் வாசகமும், அண்டை முஸ்லிம் நகரின் வீழ்ச்சிக்கு அளித்த உதவியும் ஒரே ஆட்சியின் வரலாற்றில் இடம்பெற்றுவிட்டன.

அரண்மனையின் மிக அழகிய பகுதிகள் அதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின் எழுந்தவை. கொமாரஸ் மாளிகை முதலாம் யூசுஃபின் காலத்தையும், சிங்க முற்றம் அவர் மகன் ஐந்தாம் முஹம்மதின் காலத்தையும் சேர்ந்தவை. அந்த யூசுஃப் 1354 ஆம் ஆண்டில், பெருநாள் தொழுகையின்போது பள்ளிவாசலிலேயே குத்திக் கொல்லப்பட்டார். ஐந்தாம் முஹம்மது 1359 ஆம் ஆண்டில் தம் உறவினராலேயே அரியணையிலிருந்து இறக்கப்பட்டு, 1362 ஆம் ஆண்டில் மீண்டும் அதில் அமர்ந்தார். அவருடைய பேரறிஞரான அமைச்சர் இப்னுல் கதீப், அரசவைப் பகையின் காரணமாக ஃபெஸ் நகரச் சிறையில் 1374 ஆம் ஆண்டில் கழுத்து நெரிக்கப்பட்டு மாண்டார். இறுதி ஆண்டுகளில் தந்தை அபுல் ஹஸன் அலீ, மகன் அபூ அப்துல்லாஹ், சிறிய தந்தை அஸ்ஸகல் ஆகிய மூவரும் ஒரே அரியணைக்காகத் தங்களுக்குள் போரிட்டனர். பகைவன் வாசலில் நின்றபோது வீட்டுக்குள் நடந்த சண்டை இது. 1492 ஜனவரி 2 ஆம் நாள் நகரம் ஒப்படைக்கப்பட்டது.

அதன்பின் நிகழ்ந்த கொடுமைகளை எவ்வகையிலும் குறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. முஸ்லிம்களின் மார்க்கத்திற்கும் பள்ளிவாசல்களுக்கும் ஒப்பந்தத்தில் அளிக்கப்பட்ட உறுதி பத்தாண்டுகள்கூட நிலைக்கவில்லை. 1499 ஆம் ஆண்டிலிருந்து கட்டாய மதமாற்றம் தொடங்கியது. பேராயர் சிஸ்னெரோஸின் ஆணைப்படி அரபு ஏடுகள் நகரச் சதுக்கத்தில் எரிக்கப்பட்டன. 1609 முதல் 1614 வரை, மதம் மாற்றப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள்கூட இலட்சக்கணக்கில் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டனர். அநீதி இழைத்தவர்கள் தம் அநீதிக்கு இறைவனிடம் பதில் சொல்வார்கள். நாம் பதில் சொல்ல வேண்டியது நம்மைப் பற்றி. பூமியில் பயணம் செய்து, முன்சென்றோரின் முடிவு எவ்வாறு அமைந்தது என்று பார்க்கும்படி திருக்குர்ஆன் பல இடங்களில் அழைக்கிறது. அந்த அழைப்பு படிப்பினை பெறுவதற்கானது. அரண்மனை வாசலில் படம் எடுத்துக்கொண்டு அதே அரண்மனையின் சாயலில் அமைந்த அறைக்குத் திரும்பும் நாம், எந்தப் படிப்பினையைப் பெற்றோம்?

ஒரு கட்டடத்தின் நான்கு வாழ்வுகள்

அன்று பிற்பகல் அல்ஹம்ரா வளாகத்துக்குள்ளேயே இருக்கும் மற்றொரு விடுதிக்குத் தேநீர் அருந்தச் சென்றோம். ஸ்பெயின் அரசு பழைய கோட்டைகளையும் மடங்களையும் பயணியர் விடுதிகளாக மாற்றி, 'பரடோர்' என்னும் பெயரில் 1928 ஆம் ஆண்டு முதல் நடத்தி வருகிறது. கிரனாடாவின் பரடோர் 1945 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அங்கே ஓர் அறை கிடைப்பதற்குப் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும் என்கிறார்கள்.

அக்கட்டடத்தின் வரலாறு தனியே எண்ணிப் பார்க்கத் தக்கது. முதலில் அது பனூ நஸ்ர் வம்சத்தாரின் மாளிகை. நகரம் வீழ்ந்தபின் அதே இடத்தில் பிரான்சிஸ்கன் துறவிகளின் மடம் எழுந்தது. கிரனாடாவை வென்ற இஸபெல்லா அரசி, தம்மை எளிய துறவாடையில், பகட்டில்லாத கல்லின் கீழ், அம்மடத்திலேயே அடக்கம் செய்யுமாறு மரணசாசனம் எழுதினார். 1504 ஆம் ஆண்டில் அவர் இறந்தபோது அவ்வாறே செய்யப்பட்டது. 1521 ஆம் ஆண்டில் அவருடைய உடல் நகருக்குள் உள்ள அரச தேவாலயத்திற்கு மாற்றப்பட்டது. காலப்போக்கில் மடம் சிதைந்தது. 1920களின் இறுதியில் கட்டடக் கலைஞர் தொர்ரெஸ் பல்பாஸ் அதைச் சீரமைத்து, ஓவியர்கள் தங்கும் இல்லமாக்கினார். இன்று அது செல்வர்கள் தங்கும் விடுதி. அரசி முதலில் அடக்கப்பட்ட இடம் விடுதியின் உட்பகுதியில் ஒரு கல்லால் குறிக்கப்பட்டிருக்கிறது. அதற்கு மேலே, முஸ்லிம் கைவினைஞர் செதுக்கிய தேன்கூட்டு வடிவச் சுதைக் கூரையின் எச்சம் இன்னும் நிற்கிறது.

அந்தக் கல்லின் அருகே சற்று நேரம் நின்றோம். நாட்டை இழந்தவன் கட்டிய கூரை மேலே. நாட்டை வென்றவள் கிடந்த மண் கீழே. இடையில், இரண்டு நாள் வாடகை கொடுத்த பயணிகள் பெட்டியை இழுத்துச் செல்கிறார்கள். அவர்கள் எல்லோருமே ஒரு குறிப்பிட்ட நேரத்தில் அறையைக் காலி செய்தாக வேண்டும். இவ்வுலகில் அந்நியனைப் போல, அல்லது வழியைக் கடந்து செல்பவனைப் போல இருக்குமாறு நபி (ஸல்) அவர்கள் இப்னு உமர் (ரலி) அவர்களின் தோளைப் பற்றிச் சொன்ன அறிவுரையைச் சிறு வயதிலிருந்து எத்தனையோ பயான்களில் கேட்டிருக்கிறேன். அதன் பொருள் இவ்வளவு தெளிவாக விளங்கியது அந்த விடுதியின் நடைவழியில்தான்.

ஆற்றின் மறுகரையில் ஒரு சத்திரம்

மறுநாள் பஜ்ரை உரிய நேரத்தில் தொழுதுவிட்டு, குன்றிலிருந்து நகருக்குள் இறங்கினோம். டார்ரோ ஆறு நகர நடுவில் மூடப்பட்டு, சாலைக்கு அடியில் ஓடுகிறது. அச்சாலையைக் கடந்தால், கடைகளுக்கு நடுவே உயரமான குதிரைலாட வடிவ வளைவு ஒன்று தெரியும். இன்று அதன் பெயர் 'கோரல் டெல் கார்போன்', அதாவது கரி முற்றம். பிற்காலத்தில் கரி வணிகர்கள் தங்கியதால் வந்த பெயர் அது. பதினான்காம் நூற்றாண்டில் அது ஒரு 'ஃபுன்துக்'. வெளியூர் வணிகர்களும் வழிப்போக்கர்களும் தங்குவதற்காக முஸ்லிம்கள் கட்டிய சத்திரம். ஐபீரியத் தீபகற்பம் முழுவதிலும் அக்காலத்திலிருந்து ஏறத்தாழ முழுமையாக எஞ்சியிருக்கும் சத்திரம் இது ஒன்றே. அரபு மொழியில் இன்றும் விடுதிக்கு ஃபுன்துக் என்றே பெயர்; ஸ்பானிய மொழியில் எளிய விடுதியைக் குறிக்கும் 'ஃபோந்தா' என்னும் சொல்லும் இதிலிருந்து வந்ததே.

உள்ளே சதுர முற்றம். நடுவில் ஒரு தண்ணீர்த் தொட்டி. சுற்றிலும் மூன்று தளங்களில் தூண் வரிசை. கீழ்த்தளத்தில் சரக்குகளும் பொதி விலங்குகளும், மேல்தளங்களில் மனிதர்கள். அலங்காரம் மிகக் குறைவு. இருக்கும் அலங்காரமெல்லாம் வாயிலில். அங்கேதான் இறைவனின் ஒருமையைப் பறைசாற்றும் இக்லாஸ் அத்தியாயத்தின் வாசகங்கள் கூஃபி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. நெடுந்தொலைவு நடந்து, தூசி படிந்து வருகிறவன் முதலில் அதைக் காண்பான். உள்ளே நுழைந்தால் தண்ணீரைக் காண்பான். அரண்மனைச் சுவரில் எழுதப்பட்ட வாசகத்தைக் கண்டு நான் சிலிர்த்ததுண்டு. சத்திர வாயிலில் எழுதப்பட்டதைக் கண்டபோது கண் கலங்கியது.

இஸ்லாமிய நாகரிகம் பயணியை எப்படிப் பார்த்தது என்பதை எண்ணிப் பாருங்கள். ஜகாத் பெறத் தகுதியான எட்டு வகையினருள் வழிப்போக்கரையும் அல்லாஹ் சேர்த்திருக்கிறான். அதாவது, இடையில் பொருளின்றித் தவிக்கும் பயணிக்குச் செல்வந்தரின் செல்வத்தில் உரிமை உண்டு. கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள் தம் அதிகாரி ஒருவருக்கு, வழிநெடுக விடுதிகள் அமைக்கவும், அவ்வழியே செல்வோரை ஒரு பகலும் ஓர் இரவும் உபசரிக்கவும், அவர்களின் கால்நடைகளைப் பராமரிக்கவும், நோயுற்றவராயின் இரு மடங்கு நாட்கள் தங்க வைக்கவும் கட்டளையிட்டு எழுதியதாக வரலாற்றாசிரியர் தபரீ பதிவு செய்துள்ளார். விருந்தாளியை மூன்று நாட்கள் உபசரிப்பதை நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்தார்கள். இந்த மரபில், தங்குமிடம் என்பது முதன்மையாக ஒருவர் மற்றவருக்குச் செய்யும் கடமை. அந்த மரபின் வாரிசுகளாகிய நாம் இன்று விடுதி என்றவுடன் எத்தனை நட்சத்திரம் என்று கேட்கிறோம்.

கிரனாடாவில் பிறருக்காகக் கட்டப்பட்டவை சத்திரத்தோடு முடியவில்லை. அரச தேவாலயத்திற்கு எதிரே, முதலாம் யூசுஃப் 1349 ஆம் ஆண்டில் நிறுவிய மத்ரஸா இருக்கிறது. அதன் தொழுகைக் கூடம் இன்றும் நிற்கிறது. கட்டடம் கிரனாடாப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் உள்ளது. டார்ரோ ஆற்றங்கரையில் பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்த பொதுக் குளியலகம் நிற்கிறது. அல்பைசின் சந்துகளில், பள்ளிவாசல்களை ஒட்டி மக்களுக்கும் உளூவுக்கும் தண்ணீர் தந்த நிலத்தடித் தொட்டிகள் பல எஞ்சியுள்ளன. அவற்றை நிரப்பிய கால்வாய், மலையடிவாரத்து ஊற்று ஒன்றிலிருந்து வந்தது. 'கண்ணீரின் ஊற்று' என்று பொருள்படும் ஐனுத் தம்உ என்பது அதன் பெயர்.

சிங்க முற்றத்தைக் கட்டிய அதே ஐந்தாம் முஹம்மது, 1365 முதல் 1367 வரை நகரில் ஒரு மாரிஸ்தானை, அதாவது மருத்துவமனையைக் கட்டினார். அந்த மருத்துவமனை 1843 ஆம் ஆண்டில் இடிக்கப்பட்டது. அதன் அடித்தளச் சிதைவுகள் ஆற்றோரத் தெருவில் உள்ளன. கட்டுமானக் கல்வெட்டு அல்ஹம்ரா அருங்காட்சியகத்தில் உள்ளது. சிங்க முற்றத்தைக் காண ஆண்டுதோறும் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நுழைவுச்சீட்டு வாங்குகிறார்கள். மாரிஸ்தான் எங்கே என்று கேட்டு வருகிறவர்கள் எத்தனை பேர்? முதல் பயணத்தில் ஆறு நாட்கள் அத்தெருவழியே நடந்தும் நானே கேட்கவில்லை. அந்த மன்னர் மறுமையில் தம் ஏட்டைப் பெறும்போது, சிங்க முற்றத்தின் கணக்கைக் குறித்து அஞ்சக்கூடும். மாரிஸ்தானின் கணக்கைக் குறித்து மகிழக்கூடும். அல்லாஹ்வே நன்கறிந்தவன்.

ஆடம்பரம் ஹராமா?

இந்த இடத்தில் சிலர் வினவுவது நியாயமே: "உழைத்துச் சம்பாதித்த ஹலாலான பணத்தில், ஆண்டுக்கொரு முறை நல்ல அறையில் தங்குவது பாவமா? மார்க்கத்தை ஏன் கடினமாக்குகிறீர்கள்?"

பாவம் என்று நான் சொல்லவில்லை. சொல்லும் தகுதியும் எனக்கில்லை. அல்லாஹ் தன் அடியார்களுக்கு அளித்த அழகையும் தூய உணவையும் தடை செய்தவர் யார் என்று குர்ஆன் கேட்கிறது. தான் அளித்த அருளின் அடையாளம் அடியானிடம் வெளிப்படுவதை அல்லாஹ் விரும்புகிறான் என்றும் நபிமொழி உண்டு. உழைத்துக் களைத்த கணவனும் மனைவியும் இரண்டு நாள் ஓய்வெடுப்பது நல்லெண்ணத்தோடு இருப்பின் நற்கூலிக்கும் உரியதே. கிழிந்த ஆடையும் கடுகடுத்த முகமுமே இறையச்சம் என்று காட்டுவோரின் வழி சுன்னத்தன்று.

ஆனால் அதே குர்ஆன், உண்ணவும் பருகவும் சொல்லிவிட்டு, விரயம் செய்யாதீர்கள் என்றும் எச்சரிக்கிறது. அனுமதிக்கும் எச்சரிக்கைக்கும் இடையிலுள்ள கோடு வாடகைத் தொகையில் இல்லை. நூறு யூரோ வரை ஹலால், அதற்கு மேல் ஹராம் என்று எந்த ஆலிமும் தீர்ப்பளிக்க முடியாது. அந்தக் கோடு அவரவர் உள்ளத்தில் இருக்கிறது. ஆதலால்தான் அதைக் கண்டுகொள்வது கடினம். கிரனாடாவிலிருந்து திரும்பும் வழியில் எனக்கு நானே மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டேன். அவற்றைத் தங்கள் முன்னும் வைக்கிறேன்.

முதலாவது: இந்த வசதி என் தொழுகைக்கு என்ன செய்கிறது? பயணிக்குத் தொழுகையைச் சுருக்கவும் சேர்க்கவும் சலுகை அளித்த மார்க்கம் நம்முடையது. விட்டுவிடச் சலுகை அளிக்கவில்லை. கிப்லாவின் திசையைக்கூட விசாரிக்காமல் நீச்சல் குளத்தின் நேரத்தை விசாரிப்பவன் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறான் என்பது அவனுக்கே தெரியும். நம் ஊரில் மேற்கு நோக்கித் தொழுது பழகிய நாம் கிரனாடாவில் கிழக்கு நோக்கித் திரும்ப வேண்டும். அறைக்குள் நுழைந்தவுடன் இந்தத் திசையைக் கேட்டறிவதும் பஜ்ருக்கு எழுப்பும்படி வரவேற்பறையில் சொல்லிவைப்பதும் மிகச் சிறிய செயல்கள். முதல் இரவில் அவ்விரண்டையும் நான் செய்யவில்லை.

இரண்டாவது: இதில் எவ்வளவு ஓய்வுக்காக, எவ்வளவு பிறர் பார்ப்பதற்காக? உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அறைக்குள் சென்றதும் நான் செய்த முதல் காரியம், பலகணியிலிருந்து தெரிந்த காட்சியைப் படமெடுத்து உறவினர் குழுவுக்கு அனுப்பியது. அக்குழுவில் வீட்டு வாடகை கட்டத் தவிக்கும் என் தாயின் தங்கை மகனும் இருக்கிறார் என்பது படம் சென்ற பிறகே நினைவுக்கு வந்தது. காரூன் தன் அலங்காரத்தோடு மக்கள் முன் வெளிப்பட்ட வரலாற்றை நாம் ஓதுகிறோம். இன்று அதற்குத் தெருவில் இறங்கவும் தேவையில்லை, கைப்பேசி போதும்.

மூன்றாவது: எனக்காகச் செலவிட்டதைப் போல பிறருக்காகச் செலவிட என் கை நீளுமா? அரண்மனை கட்டியவரே மாரிஸ்தானும் கட்டினார். மத்ரஸாவும் கொமாரஸ் மாளிகையும் ஒரே மன்னரின் காலத்தவை. குறைகள் பல இருந்தும் அவர்களிடம் அந்தச் சமநிலை ஓரளவு இருந்தது. நம்மிடம் அந்த மாரிஸ்தான் எங்கே?

ஒரு நிகழ்ச்சியை எண்ணிப் பார்ப்போம். நபி (ஸல்) அவர்கள் பாயில் படுத்திருந்து எழுந்தபோது, அவர்களின் விலாவில் பாயின் தடம் பதிந்திருந்ததைக் கண்டு உமர் (ரலி) அவர்கள் அழுதார்கள். பாரசீக, ரோமப் பேரரசர்கள் இன்பத்தில் திளைக்க, அல்லாஹ்வின் தூதர் இவ்வாறு இருப்பதா என்று கலங்கினார்கள். அவர்களுக்கு இவ்வுலகமும் நமக்கு மறுமையும் இருப்பதில் உமக்குத் திருப்தி இல்லையா என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பதிலளித்தார்கள். அந்தப் பாயின் தடத்தை நாம் தாங்க முடியாது. அல்லாஹ் அதை நம்மீது கடமையாக்கவும் இல்லை. ஆயினும், எந்தப் படுக்கையில் படுத்தாலும் அந்தத் தடம் நினைவிலிருந்து அகலாதிருப்பது ஈமானின் அடையாளம்.

மூன்றாம் இரவு

இரண்டு இரவுகள் முடிந்ததும், அல்பைசினில் ஒரு சிறிய குடும்ப விடுதிக்கு மாறினோம். முன்பே அவ்வாறு திட்டமிட்டிருந்ததால் அதில் என் தியாகம் ஏதுமில்லை. அங்கிருந்து பள்ளிவாசல் சில நிமிட நடை. அன்றைய பஜ்ரு ஜமாஅத்தில் மொராக்கோவைச் சேர்ந்த முதியவர் ஒருவரும், மேற்கு ஆப்பிரிக்க இளைஞர்கள் சிலரும், இஸ்லாத்தை ஏற்ற ஸ்பானியர் சிலரும் நின்றனர். தொழுகை முடிந்தபின் முதியவர் என் கையைப் பற்றி, எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று அரபும் ஸ்பானியமும் கலந்து கேட்டார். விடுதியில் என்றேன். பயணி எங்கள் வீட்டில் தேநீர் அருந்தாமல் போவது முறையா என்று அழைத்துச் சென்றார். படிக்கட்டு ஒடுங்கிய, இரண்டே அறைகள் கொண்ட வீடு. புதினாத் தேநீரும் ரொட்டியும் ஆலிவ் எண்ணெயும் தந்தார். அவருடைய மனைவி என் மனைவிக்கு ஒரு போர்வையை எடுத்து வந்து போர்த்தினார்.

ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன் அந்நகரில் அழிந்துபோனதாக நாம் அழுகின்ற அந்தலுஸ், அந்த இரண்டு அறைகளுக்குள் உயிரோடு இருந்தது. அரண்மனையில் அதைத் தேடியவர்கள் வெறுங்கையோடு திரும்பியதில் வியப்பில்லை.

ஊருக்குத் திரும்பிய வாரத்தில் உறவினர் ஒருவரைப் பார்க்க அரசு மருத்துவமனைக்குச் சென்றேன். இரவு பத்து மணி. வெளி வராந்தாவில், தொலைவான ஊர்களிலிருந்து நோயாளிகளோடு வந்த தாய்மார்களும் முதியவர்களும் செய்தித்தாளை விரித்துப் படுத்திருந்தனர். அவர்களுள் நம்மவரும் இருந்தனர், பிறரும் இருந்தனர். இதே வராந்தாவை எத்தனை முறை கடந்திருக்கிறேன்! ஃபுன்துக்கின் வாயிலைக் கண்ட கண்களுக்கு அன்றுதான் அது தெரிந்தது. நம் ஜமாஅத்துகளில் திருமண மண்டபங்களுக்குக் குறைவில்லை. மருத்துவமனைக்கு அருகே, வந்தவர் எவராயினும் ஒரு பகலும் ஓர் இரவும் தங்கிச் செல்ல, ஒரு கூரையும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் எத்தனை ஊர்களில் இருக்கின்றன?

இதற்காக நான் என்ன செய்தேன் என்று எழுதுவது முறையன்று. தாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவும் நான் வரவில்லை. ஐரோப்பாவுக்குச் செல்லுங்கள், கிரனாடாவைப் பாருங்கள், வசதியிருந்தால் நல்ல அறையில் தங்குங்கள். அல்ஹம்ராவைப் பார்த்த பிறகு குன்றிலிருந்து இறங்கி, கடைகளுக்கு நடுவே மறைந்திருக்கும் அந்தச் சத்திரத்தின் வாயிலுக்கும் ஒருமுறை செல்லுங்கள். அறைக்குச் செலுத்தும் வாடகையை எழுதும் அதே ஏட்டில், வழிப்போக்கருக்காக ஒரு வரியை ஒதுக்குங்கள். பஜ்ருக்கு எழுப்பச் சொல்லி வைக்க மறவாதீர்கள்.

நாம் அனைவரும் காலி செய்ய வேண்டிய அறைகளில் இருக்கிறோம். நிலையான இல்லத்தில் நல்லிடம் பெறும் பாக்கியத்தை அல்லாஹ் நமக்கும் நம் குடும்பத்தார்க்கும் அருள்வானாக. ஆமீன்.